பூஸ்ட் பம்ப் ஸ்விட்ச்: எப்போது போடுவது, எப்போது தொடவே கூடாது

உயர்திறன் பிஸ்டன் விமானம் ஓட்டுபவர்களிடம் பூஸ்ட் பம்ப் (எஞ்சினுக்கு எரிபொருளைத் தள்ளும் மின்சாரத் துணைப் பம்ப்) பற்றிக் கேட்டுப் பாருங்கள், உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "டேக்ஆஃப், லேண்டிங் ரெண்டுக்கும் பம்ப் ஆன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்பார் பைப்பர் விமானத்தில் பழகியவர். "பம்பைப் போட்டுக்கொண்டு டேக்ஆஃப் செய்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், கை வைக்காதே" என்பார் செஸ்னா 210-இல் பழகியவர். இருவர் சொல்வதும் சரிதான், அவரவர் விமானத்துக்கு. ஒருவருடைய பழக்கம் இன்னொரு காக்பிட்டுக்குள் போய் உட்காரும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் "பம்பை எப்போது போடுவது" என்று நேராகத் தொடங்கப் போவதில்லை. உங்கள் எஞ்சின் எரிபொருளை எப்படி அளந்து எடுக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அது புரிந்துவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஸ்விட்ச் என்ன செய்யும் என்று நீங்களே கணிக்கலாம். இங்கே சொல்வதும் உங்கள் விமானத்தின் கையேடும் எங்காவது மோதினால் கையேட்டின் பக்கம் நில்லுங்கள்.

ஒரு பம்புக்கு மூன்று வேலை

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்ப்தான் பிரதான பம்ப். எஞ்சின் ஓடும்வரை அது ஓடும், மின்சாரம் தேவையில்லை. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் மோசம். சூடான எஞ்சின் அறைக்குள், டேங்கிலிருந்து தள்ளி இருக்கிறது. தாழ்ந்த இறக்கை விமானமென்றால் டேங்கை விட உயரத்தில் வேறு இருக்கிறது. அது எரிபொருளை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். கெட்டியான பழச்சாற்றை மெல்லிய ஸ்ட்ராவில் வேகமாக இழுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், அதேதான். திரவத்தின் அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் அது கொதிக்க ஆரம்பித்துவிடும். விமானப் பெட்ரோலின் ஆவி அழுத்தம் 37.8 டிகிரி செல்சியஸில் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும் என்பது தர விதி. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், எனவே அங்கே இடைவெளி தாராளம். 18,000 அடியில் காற்றழுத்தம் பாதிதான், கிட்டத்தட்ட 50. வெயிலில் நின்று சூடேறிய டேங்கோடு கிளம்பி, டர்போ எஞ்சின் தரும் வேகத்தில் சடசடவென்று அந்த உயரத்துக்கு ஏறினால், டேங்கிலேயே எரிபொருள் கொதிநிலையின் விளிம்பில் இருக்கும். அதற்கு மேல் பிரதான பம்பும் உறிஞ்சுகிறது. குழாயில் ஆவிக் குமிழி உண்டாகிறது. திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது.

டேங்குக்கு அருகே ஒரு மின்சாரப் பம்பை வைத்துப் பின்னாலிருந்து தள்ளினால் குழாய் முழுக்க அழுத்தம் கூடும், குமிழி அடங்கும். இது பூஸ்ட் பம்பின் முதல் வேலை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டர்களுக்கு எரிபொருள் ஊட்டுவது இரண்டாவது. பிரதான பம்ப் செத்துப்போனால் அதன் இடத்தில் தனியாக நின்று எஞ்சினுக்கு முழு எரிபொருளையும் தருவது மூன்றாவது.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. குமிழியை அடக்க ஐந்தாறு பி.எஸ்.ஐ (அழுத்தத்தின் அலகு) போதும். ஆனால் டேக்ஆஃப் பவரில் பிரதான பம்ப் போய்விட்டால், 300 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மணிக்கு 25 கேலனுக்கும் மேல் தனியாளாகத் தள்ள வேண்டும். அதற்கு நிறைய அழுத்தம் வேண்டும். அதே அழுத்தத்தை, பிரதான பம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது கூடுதலாகக் கொடுத்தால் எஞ்சின் என்ன செய்யும்? பதில் எஞ்சினைப் பொறுத்தது.

காற்றை அளக்கும் எஞ்சின், அளக்காத எஞ்சின்

எஞ்சின் தயாரிப்பாளரான லைகமிங்கின் இன்ஜெக்‌ஷன் (எரிபொருளைப் பீச்சும்) எஞ்சின்களில் பெரும்பாலும் வருவது ஆர்.எஸ்.ஏ வகை சர்வோ (எரிபொருளை அளந்து விடும் கருவி). உள்ளே போகும் காற்றை வென்ச்சுரி வழியாக அளந்து, அதற்கு ஏற்ற எரிபொருளை மட்டும் டயஃப்ரம்கள் மூலம் விடுகிறது. வாசலில் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது கவலைப்படாது, கொடுக்க வேண்டியதைத்தான் கொடுக்கும். ஆகவே பம்பைப் போட்டால் ஃபியூயல் பிரஷர் (எரிபொருள் அழுத்தம்) முள் நகரும், மிக்ஸ்சர் (காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதம்) மாறாது. பைப்பர் ஆரோ ஓட்டுபவர் பம்பைப் போட்டுக்கொண்டே இறங்கி, டாக்ஸி செய்து, நிறுத்துமிடம் வந்து அணைத்தாலும் எஞ்சின் முணுமுணுக்காததற்குக் காரணம் இதுதான். கார்புரேட்டர் வைத்த எஞ்சினிலும் மிதவை ஊசி அதே காவல் வேலையைச் செய்கிறது. அதற்கு அரை முதல் 8 பி.எஸ்.ஐ வரைதான் தாங்கும், ஆனால் அந்த விமானங்களில் வைக்கும் பம்பும் அந்த அளவுக்கானதே.

கான்டினென்டல் இன்ஜெக்‌ஷன் வேறு மாதிரி (கான்டினென்டல் இன்னொரு எஞ்சின் தயாரிப்பாளர்). அது காற்றை அளப்பதே இல்லை. பிரதான பம்ப் எஞ்சின் வேகத்துக்கு ஏற்பத் தள்ளுகிறது. த்ராட்டில் திறந்திருக்கும் அளவுக்கு ஏற்ப மீட்டரிங் யூனிட் அதை விடுகிறது. எவ்வளவு சுற்று, எவ்வளவு திறப்பு, அவ்வளவுதான் கணக்கு. மிக எளிமையான ஏற்பாடு, பழுதும் குறைவு. ஆனால் பம்பின் அழுத்தம்தான் இங்கே அளவுகோல். அந்த அழுத்தத்தோடு நீங்கள் மின்பம்பின் அழுத்தத்தையும் சேர்த்தால், எஞ்சினுக்கு அது தெரியாது, வந்ததையெல்லாம் அப்படியே சிலிண்டருக்கு அனுப்பிவிடும். முழு பவரில் மிக்ஸ்சர் கொழுத்துப்போய் எஞ்சின் கரகரக்கலாம். த்ராட்டிலை இழுத்துவிட்ட நிலையில், இரண்டு மூன்று கேலன் மட்டுமே தேவைப்படும் நேரத்தில் பூஸ்ட் பம்ப் 'ஹை' என்ற பலமான நிலையில் ஓடினால், எஞ்சின் எரிபொருளில் மூழ்கி நின்றே போகலாம். பம்ப் காப்பாற்றும் என்று நினைத்துப் போட்ட ஸ்விட்ச்தான் அங்கே எஞ்சினை நிறுத்தியது.

சரி, "லைகமிங் என்றால் போடு, கான்டினென்டல் என்றால் போடாதே" என்று மனப்பாடம் செய்துகொள்ளலாமா? கூடாது. இரண்டு விதிவிலக்குகள் கண்ணெதிரே இருக்கின்றன. செஸ்னா 172எஸ் விமானத்தில் இருப்பது லைகமிங் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்தான், ஆனாலும் டேக்ஆஃபுக்கு ஆக்ஸிலரி பம்ப் (பூஸ்ட் பம்புக்கு அங்கே வைத்த பெயர்) ஆஃப். டேங்க் தலைக்கு மேலே இருக்கிறது, புவியீர்ப்பே பிரதான பம்புக்கு எரிபொருளை ஊட்டிவிடுகிறது. மறுபக்கம், சிர்ரஸ் எஸ்ஆர்22-இல் இருப்பது கான்டினென்டல் ஐஓ-550-என், 310 குதிரைத்திறன். ஆனால் அதில் டேக்ஆஃப், ஏற்றம், லேண்டிங், டேங்க் மாற்றம் எல்லாவற்றுக்கும் பம்பை 'பூஸ்ட்' நிலையில் வைக்கச் சொல்கிறது கையேடு. அந்தப் 'பூஸ்ட்' என்பது 4 முதல் 6 பி.எஸ்.ஐ மட்டுமே தரும் மெதுவான ஓட்டம். எஞ்சினை மூழ்கடிக்கும் பலம் அதற்கு இல்லை. பலமான ஓட்டத்துக்கு 'ஹை பூஸ்ட்/பிரைம்' என்று தனி நிலை இருக்கிறது.

ஆக, எஞ்சின் வகை பாதிக் கதை. அந்த ஸ்விட்சின் அந்த நிலையில் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்பது மீதிக் கதை.

அமெரிக்க விமானத் தர விதிகளின் 23-ஆம் பகுதியில், 2017-இல் அந்தப் பகுதியே மாற்றி எழுதப்படும்வரை, 23.991 என்று ஒரு பிரிவு இருந்தது. பிரதான பம்ப் போனால் உடனடியாகக் கைகொடுக்க அவசரப் பம்ப் வேண்டும் என்றது அது. எந்தப் பம்பை எந்த பவரில் ஓட்டினாலும் எஞ்சினுக்கு ஆபத்து வரக்கூடாது என்றும் சொன்னது. சிர்ரஸ் இந்த 23-ஆம் பகுதியின்கீழ்ச் சான்று பெற்ற விமானம். பீச்கிராஃப்ட் பொனான்ஸாவும் செஸ்னா 210-உம் அதற்கு முந்தைய சி.ஏ.ஆர் 3 விதிகளின்கீழ் வந்தவை. பழைய விமானம் வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்விட்சைப் பார்ப்பது நல்லது.

ஸ்விட்சில் எழுதியிருப்பதை நம்புவதற்கு முன்

செஸ்னா 206, 210 வகைகளில் ஸ்விட்ச் இரண்டாகப் பிளந்திருக்கும். வலது பாதி மஞ்சள், 'ஸ்டார்ட்' என்று எழுதி அதற்கு 'ஆன்' நிலை. இடது பாதி சிவப்பு, 'எமர்ஜென்ஸி' என்று எழுதி 'ஹை' நிலை. சிவப்புப் பாதிக்கு ஸ்பிரிங் உண்டு. விரலை எடுத்தால் தானாக ஆஃப் ஆகிவிடும், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். டேக்ஆஃபில் பிரதான பம்ப் போனால் சிவப்பு. சாதாரண ஸ்டார்ட், லேசான ஆவித் தொல்லை, பறக்கும்போது பம்ப் போன பிறகு தொடர்ந்து ஓட்டுவது, இதற்கெல்லாம் மஞ்சள். பிரதான பம்ப் நன்றாக இருக்கும்போது மஞ்சளைப் போட்டால் மிக்ஸ்சரைக் குறைத்தாக வேண்டும் என்று கையேடே எச்சரிக்கிறது, அதனால் டேக்ஆஃபில் ஆஃப். எஞ்சின் நின்றிருக்கும்போது மாஸ்டர் (மின்சாரத்தின் முதன்மை) ஸ்விட்சைப் போட்டுவிட்டு இந்த ஸ்விட்சைத் தவறுதலாக ஆனில் விட்டால் இன்டேக் (காற்று உள்ளே போகும்) குழாய்கள் எரிபொருளால் நிரம்பும்.

பழைய பொனான்ஸாக்களில் வெறும் ஆன்/ஆஃப். பின்னால் வந்தவற்றில் ஹை, லோ என இரண்டு நிலை. பழையதில் 'ஆன்' என்பது புதியதில் 'ஹை' செய்கிற வேலை என்பது முக்கியம். புதியதில் பழகிவிட்டுப் பழையதில் ஏறுபவர் 'ஆன்' என்பதை 'லோ' மாதிரி எண்ணிப் போட்டுவிட வாய்ப்பு அதிகம். லைகமிங் வைத்த பைப்பர் ஆரோ போன்றவற்றில் ஆன்/ஆஃப் மட்டும்தான், அதில் குழப்பமில்லை.

தரையில்

சுற்றிப் பார்க்கும்போது வயிற்றுப் பகுதியில் பம்பின் டிரெய்ன் குழாய் எங்கே வெளியே வருகிறது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். மின்பம்புக்கும் எஞ்சின் பம்புக்கும் தண்டைச் சுற்றி சீல் இருக்கும். சீல் கசிந்தால் எரிபொருள் இந்தக் குழாய் வழியாகத்தான் சொட்டும். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீல நிறம். அது காய்ந்த இடத்தில் மங்கலான நீலக் கறை நிற்கும். குழாய் நுனியில் அந்தக் கறை புதிதாக இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள்.

அப்புறம் காது. எஞ்சின் சத்தம் இல்லாத இந்த நேரத்தில்தான் பம்பின் குரலைப் பழகிக்கொள்ள முடியும். பைப்பர்களில் வரும் சிறிய சோலனாய்டு பம்ப் 'டக்-டக்-டக்' என்று அடிக்கும். குழாயில் அழுத்தம் ஏற ஏற அந்த அடி மெதுவாகும். இடைவிடாமல் வேகமாகவே அடித்துக்கொண்டிருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டேங்கில் எரிபொருள் இல்லை. பெரிய விமானங்களின் வேன் (சுழலும் தகடுகள் கொண்ட) பம்ப் ஒரே சீராக ரீங்கரிக்கும். இழுத்து இழுத்து முனகினால் பம்பும் காரணமாக இருக்கலாம், இறங்கிப்போன பேட்டரியும் காரணமாக இருக்கலாம்.

இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் இந்தச் சோதனையைச் செய்யும்போது மிக்ஸ்சர் நாப் (தள்ளினால் எரிபொருள் கூடும், இழுத்தால் குறையும்) முழுதாக இழுத்து, எரிபொருளை அடைக்கும் கட்-ஆஃபில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர்களுக்குள் பெட்ரோல் ஓடும்.

குளிர்ந்த கான்டினென்டலை ஸ்டார்ட் செய்ய: மிக்ஸ்சர் முழு ரிச் (எரிபொருள் அதிகம்), த்ராட்டில் கையேடு சொல்லும் அளவு, பம்ப் ஹை. ஃபியூயல் ஃப்ளோ (எரிபொருள் ஓடும் அளவு) முள் எழுந்து நின்றதும் கையேடு சொல்லும் சில விநாடிகள், உடனே ஆஃப், த்ராட்டிலைக் கொஞ்சம் மட்டும் திறந்து வைத்துச் சாவி. அதிகமாக ஊட்டிவிட்டால் எஞ்சினுக்குக் கீழே சொட்டுவதைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் அவசரப்பட்டு மறுபடி சாவியைத் திருப்புவது தீக்கு அழைப்பு. வடியும்வரை காத்திருங்கள். ஸ்டார்ட்டின்போதே இன்டேக்கில் தீப்பிடித்தால் பம்ப் ஆஃப், மிக்ஸ்சர் கட்-ஆஃப், த்ராட்டில் திறந்து, ஸ்டார்ட்டரை நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தீ உள்ளே இழுபட்டுப் போகும்.

சூடான எஞ்சினை ஸ்டார்ட் செய்வதில் இரண்டு குடும்பங்களும் மறுபடி பிரிகின்றன. காரணம் ஒரு சின்னக் குழாய். கான்டினென்டல் பம்பில் ஆவியைப் பிரித்து டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய் உண்டு. மிக்ஸ்சரைக் கட்-ஆஃபில் வைத்துப் பம்பை ஹையில் ஓட்டினால், எரிபொருள் சிலிண்டருக்குப் போகாது. சூடேறிய பிரதான பம்புக்குள் புகுந்து, அதிலிருக்கும் ஆவியைத் தள்ளிக்கொண்டு, ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்பும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் இப்படி ஓட்டினால் டேங்கிலிருக்கும் ஒப்பளவில் குளிர்ந்த எரிபொருள் பம்பைக் குளிர்வித்துவிடும். பிறகு வழக்கமான ஸ்டார்ட். ஆர்.எஸ்.ஏ வகையில் இந்த ரிட்டர்ன் குழாய் இல்லை. கட்-ஆஃபில் எவ்வளவு நேரம் பம்பை ஓட்டினாலும் எரிபொருள் எங்கும் நகராது, பேட்டரிதான் தீரும். அதற்குத் தனி முறை கையேட்டில் இருக்கும்.

ரிட்டர்ன் எந்த டேங்குக்குப் போகிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சில பழைய பொனான்ஸாக்களில் எந்த டேங்கில் ஓட்டினாலும் ரிட்டர்ன் இடது டேங்குக்கே போகும். இடது டேங்க் நிரம்பியிருக்க, வலதில் ஓட்டினால் திரும்பி வரும் எரிபொருள் வழிந்து வெளியே கொட்டும். அதனால்தான் அவற்றில் முதலில் இடது டேங்கைக் கொஞ்சம் காலி செய்கிறார்கள்.

எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பம்பை அணையுங்கள். பிரதான பம்ப் தன் காலில் நிற்கிறதா என்று பார்க்கக் கிடைக்கும் பாதுகாப்பான சந்தர்ப்பம் இதுதான். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் பிரதான பம்ப் பழுதாகியிருந்தாலும் தெரியாது. ஏற்றத்தில் பம்பை அணைக்கும் நொடியில்தான் தெரியவரும்.

ஓடுபாதையிலிருந்து உயரம் வரை

டேக்ஆஃபில் கையேடு 'ஆன்' என்றால் ஆன், 'ஆஃப்' என்றால் ஆஃப். இதில் சொந்த யோசனைக்கு இடமில்லை. பாதுகாப்புக்காக இருக்கட்டுமே என்று ஹையைப் போடுவது கான்டினென்டலில் பாதுகாப்பல்ல. ஆனால் ஆஃபாக இருந்தாலும் விரல் எங்கே போக வேண்டும் என்று டேக்ஆஃபுக்கு முன்பே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனில் வைத்துக் கிளம்புகிற விமானத்தில் பம்பை அணைக்கும்போது மூன்று விஷயம்: இறங்குவதற்கு இடம் இருக்கும் உயரம் வந்த பிறகு, பார்வை ஃபியூயல் பிரஷர் முள்ளில், கை ஸ்விட்சிலேயே. முள் சரிந்தால் உடனே திரும்பப் போடுங்கள். அதே நேரத்தில் டேங்கையும் மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தபின் எஞ்சின் திணறினால் எதைத் திருப்புவது என்று புரியாமல் முழிக்க வேண்டியிருக்கும்.

உயரம் ஏற ஏற ஆவித் தொல்லை தலைகாட்டலாம். முதல் அறிகுறி ஃபியூயல் ஃப்ளோ எண் ஒரு கேலன் அளவுக்கு ஆடுவது. பிறகு இ.ஜி.டி (எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பம்) அலையும். அதற்கும் பிறகுதான் எஞ்சின் பவர் கூடிக்குறைவது உடம்புக்குத் தெரியும். முதல் அறிகுறியிலேயே லோ பம்பைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். எண் நிலைத்த பிறகு மிக்ஸ்சரைத் தேவையான ஃப்ளோவுக்குச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பம்ப் ஓடும்போது கான்டினென்டலில் ஃப்ளோ கூடுகிறது, நீங்கள் மிக்ஸ்சரை இழுத்துச் சரிக்கட்டுகிறீர்கள். அரை மணி நேரம் கழித்து எரிபொருள் குளிர்ந்துவிட்டது என்று பம்பை அணைக்கிறீர்கள். இப்போது கூடுதல் அழுத்தம் போய்விட்டது, மிக்ஸ்சர் நாபோ இழுத்த இடத்திலேயே இருக்கிறது. எஞ்சின் திடீரென்று மெலிந்துபோகும். குறைந்த பவரில் என்றால் எஞ்சின் இருமும், அது நல்லது, உங்களுக்குத் தெரிந்துவிடும். அதிக பவரில் டர்போ எஞ்சின் இருமாமலேயே சூடேறிக்கொண்டு போகலாம், சிலிண்டர் ஹெட் வெப்பம் ஏறிய பிறகுதான் கவனிப்பீர்கள். எனவே பம்பை அணைக்கும் முன் மிக்ஸ்சரைக் கொஞ்சம் தள்ளுங்கள், பம்பை அணையுங்கள், பிறகு மறுபடி லீன் செய்யுங்கள் (எரிபொருளைக் குறையுங்கள்). வரிசை மாறக்கூடாது. பம்ப் தொடர்பான பிழைகளில் சத்தமில்லாமல் எஞ்சினைக் கெடுப்பது இதுதான் என்பது என் எண்ணம். எஞ்சின் நின்றுபோகிற பிழைகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இறங்கும்போது கான்டினென்டலில் ஹை ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். த்ராட்டிலை இழுக்கும் முன் அது ஆஃபில் இருக்க வேண்டும்.

பிரதான பம்ப் போய்விட்டால்

ஃபியூயல் ஃப்ளோ சரிகிறது, எஞ்சின் பவர் இழக்கிறது. புரொப்பெல்லர் காற்றில் சுழன்றுகொண்டுதான் இருக்கும், ஸ்டார்ட்டர் தேவையில்லை.

1. மூக்கைத் தாழ்த்தி கிளைடு வேகம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

2. எரிபொருள் இருக்கும் வேறு டேங்குக்கு மாற்றுங்கள். பம்ப் பழுதை விட டேங்க் காலியாவதுதான் அடிக்கடி நடப்பது. காலி டேங்கில் ஹை பம்பைப் போட்டால் அது காற்றைத்தான் தள்ளும். எரிபொருளே உராய்வைக் குறைக்கும்படி செய்த வேன் பம்பை உலர ஓட்டுவது அந்தப் பம்புக்கும் கேடு. ஆனால் ஓடுபாதையை விட்டு எழுந்த சில நொடிகளில் இது நடந்தால் உங்கள் கையேடு பம்பைத்தான் முதலில் சொல்லலாம். அந்த வரிசையை அங்கேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

3. பம்ப் ஹை. பிளந்த ஸ்விட்ச் என்றால் சிவப்புப் பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. எஞ்சின் பிடித்தால் மிக்ஸ்சரைப் பவருக்கு ஏற்றபடி சரிசெய்யுங்கள். பிடிக்கவில்லையென்றால் மூழ்கியிருக்கலாம். உயரத்தில் இது இன்னும் சாத்தியம், காற்று அடர்த்தி குறைவு, முழு ரிச் அங்கே அளவுக்கு மீறியது. பம்பை ஓடவிட்டு மிக்ஸ்சரை மெதுவாக இழுங்கள். ஏதோ ஓர் இடத்தில் எஞ்சின் பிடிக்கும், அங்கே நிறுத்துங்கள்.

5. இனி எரிபொருளின் அளவு எஞ்சின் சுற்றோடு சேர்ந்து மாறாது, மின்பம்ப் ஒரே பலத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை த்ராட்டிலைக் குறைக்கும்போதும் மிக்ஸ்சரையும் கையால் குறைக்க வேண்டும். இறங்கும்போது இதை மறந்து த்ராட்டிலை மட்டும் இழுத்தால், காப்பாற்றிய எஞ்சின் இறுதிக் கட்டத்தில் நிற்கும். ஓடுபாதை உறுதியாகக் கைக்கெட்டும்வரை பவரைக் குறைக்காமல் வருவது நல்லது.

இந்த வரிசைக்குள் நுழையும் முன் ஒரு நொடி செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எஞ்சின் சீராக ஓடுகிறது, ஆனால் பிரஷர் முள் மட்டும் விழுந்திருக்கிறது என்றால் பம்புக்குக் கை நீட்டாதீர்கள். கருவிப் பழுதாக இருக்கலாம். அல்லது எஞ்சின் அறைக்குள் கசிவாக இருக்கலாம். கசிவில் பம்பைப் போடுவது சூடான எக்ஸாஸ்ட் குழாய்கள் மேல் பெட்ரோலை இறைப்பதுதான். பெட்ரோல் வாசனை வருகிறதா? ஃப்ளோ உணரியைத் தாண்டிக் கசிந்தால் எண் கூடும், உணரிக்கு முன்னால் கசிந்தால் குறையும். அதனால் காரணமில்லாமல் கூடிய ஃப்ளோவும் எச்சரிக்கைதான். இன்னொரு பக்கம், பழைய கான்டினென்டல் ஃபியூயல் ஃப்ளோ மீட்டர் உண்மையில் அழுத்த மீட்டர், முகப்பில் கேலன் எழுதியிருக்கும். ஒரு நாசில் அடைத்தால் அழுத்தம் கூடி அது 'அதிக ஃப்ளோ' என்று காட்டும், அந்த சிலிண்டருக்கோ குறைவாகப் போகும். தீ என்று தெரிந்துவிட்டால் வரிசை தலைகீழ்: மிக்ஸ்சர் கட்-ஆஃப், டேங்க் செலக்டர் ஆஃப், பம்ப் ஆஃப்.

மின்சாரம்

பிரதான பம்ப் போன விமானம் அதற்குப் பிறகு பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் நம்பிப் பறக்கிறது. ஆல்டர்னேட்டரும் போனால் பேட்டரி இருக்கும்வரைதான் எஞ்சின். தேவையில்லாத மின்சுமைகளை உடனே அணைத்துவிட்டு அருகில் இருக்கும் ஓடுபாதைக்குப் போங்கள். இன்னொன்று, பம்பின் வேகம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. 28 வோல்ட்டில் தள்ளியதை 24 வோல்ட் பேட்டரியில் தள்ளாது. ஃப்ளோ குறைவது பம்ப் சாவதால் அல்ல, மின்னழுத்தம் இறங்குவதால் இருக்கலாம். மிக்ஸ்சரைத் தள்ளிப் பாருங்கள்.

பம்பின் சர்க்யூட் பிரேக்கர் துள்ளி மின்சாரத்தை நிறுத்தினால், எரிபொருள் குழாய்க்கு அருகில் ஓடும் ஒரு மின்சுற்றில் ஏதோ சரியில்லை என்று பொருள். எஞ்சின் பிரதான பம்பில் நன்றாக ஓடுகிறதென்றால் தொடாமல் விடுங்கள். எஞ்சினே அந்தப் பம்பை நம்பித்தான் ஓடுகிறது என்றால் மட்டும், ஒரே ஒருமுறை திரும்ப அழுத்துங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

கான்டினென்டல் எரிபொருள் அமைப்பில் ஐடில் அழுத்தத்தையும் முழு பவர் அழுத்தத்தையும் அளவீட்டுக் கருவி வைத்துச் சரிசெய்ய வேண்டும். நீண்ட காலம் கான்டினென்டலின் எஸ்.ஐ.டி 97-3 என்ற ஆவணம் இதற்கான முறையைச் சொன்னது. பின்னர் அது அந்த நிறுவனத்தின் எம்-0 பராமரிப்புக் கையேட்டுக்குள் வந்துவிட்டது. வருடாந்திரச் சோதனையில் இது நடந்ததா என்று கேளுங்கள். "ஓட்டிப் பார்த்தேன், நல்லா இருக்கு" என்பது பதிலல்ல, எண்கள் வேண்டும். கூடவே மின்பம்பின் லோ, ஹை அழுத்தங்களையும் அளக்கச் சொல்லுங்கள். லோ நிலை அளவுக்கு மீறி இருந்தால் லேண்டிங்கில் எஞ்சின் கொழுக்கும். ஹை நிலை குறைந்திருந்தால், அவசரத்தில் டேக்ஆஃப் பவருக்கு அது போதாது. இரண்டாவதைச் சாதாரணப் பறப்பில் யாரும் கவனிக்கவே முடியாது.

பழகிக்கொள்ள ஒரு பயிற்சி

பயிற்றுநரோடு, ஓடுபாதைக்கு மேலே நல்ல உயரத்தில், குரூஸ் பவரில், கையேடு அனுமதிக்கும் நிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லோ பம்பைப் போடுங்கள், எண் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். லைகமிங் என்றால் பிரஷர் மட்டும் கூடி ஃப்ளோ அசையாமல் நிற்கும். கான்டினென்டல் என்றால் ஃப்ளோவே ஏறும், அந்த ஏற்றத்தின் அளவு விமானத்துக்கு விமானம் மாறும். மிக்ஸ்சரை இழுத்துப் பழைய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது மிக்ஸ்சரைத் தள்ளி, பம்பை அணைத்து, மறுபடி லீன் செய்யுங்கள். கிடைத்த எண்களைச் செக்லிஸ்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த வருடாந்திரச் சோதனைக்குப் பின் இதே பயிற்சியைச் செய்து, அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.